இரு என்று சொன்னவர்

கீழ்ப்படிதல் நல்ல குணம் என்று நமக்கெல்லாம் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் யார் யார் என்று நினைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். தகப்பனார், வாத்தியார், மேலதிகாரி, எல்லாருமே கட்டளையிடும் இடத்தில் இருந்தவர்கள். கட்டளைக்கு உட்பட்டவன் எவனும் எழுந்து நின்று, “கீழ்ப்படிவது எவ்வளவு சுகம் தெரியுமா?” என்று பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. ஆகவே இந்தக் குணத்தைப் பற்றி எனக்கு நெடுநாளாகவே ஒரு சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. திருப்பிவிட்டவர் திருச்சுழிக்குப் பக்கத்தில் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர். நடந்த இடம், நாய்களுக்கென்று நாங்கள் வைத்த ஒரு போட்டி.

நாய்களுக்குப் போட்டியா என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் முதலில் சிரித்தேன். யோசனை என்னுடையது அல்ல, என் நண்பர் ஒருவருடையது. கால்நடை வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். அருப்புக்கோட்டையில் வீடு, திருச்சுழிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கொஞ்சம் நிலம். அந்தப் பக்கம் போனவர்களுக்கு அந்தப் பூமியைத் தெரியும். குண்டாறு என்று ஓர் ஆறு உண்டு. வருஷத்தில் பாதி நாளுக்குமேல் அதில் மணல்தான் இருக்கும். வானத்தை நம்பிய கரிசல், கரையெல்லாம் சீமைக் கருவேல் மண்டிய கண்மாய், மிளகாய், பருத்தி, மல்லி. மனிதனுக்கே இழுத்துப் பிடித்து வாழ வேண்டிய ஊர். அங்கே நாய்ப் போட்டி எதற்கு?

“நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறேன், வாருங்கள் என்றால் பத்துப் பேர் வருகிறார்கள். போட்டி, பரிசு என்று தண்டோராப் போட்டால் ஊரே நாயைப் பிடித்துக்கொண்டு வரும். முதல் விதி, ஊசி போட்ட சீட்டு இல்லாத நாய்க்கு வட்டத்துக்குள் இடமில்லை. அவ்வளவுதான் என் சூழ்ச்சி” என்றார் நண்பர்.

வெறிநோய் மூளையைத் தொட்டு அறிகுறி காட்டிவிட்டால் பிழைப்பது மிகமிக அரிது. பாஸ்டர் 1885இல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டுக் காப்பாற்றியது கடித்த பிறகு, நோய் தலைகாட்டுமுன். இதெல்லாம் தெரிந்த பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டேன். விதிகளைத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. “உமக்குத்தான் எழுத வருமே” என்று சொல்லி, ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார். அமெரிக்கன் கென்னல் கிளப்பாரின் விதிப் புத்தகம் அது.

நாய்க்குக் கீழ்ப்படிதல் பரீட்சை வைக்கும் வழக்கம் அந்த நாட்டில் தொடங்கிய கதை சுவையானது. ஹெலின் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற அம்மையார் பூடில் ஜாதி நாய்கள் வளர்த்தார். சுருட்டை முடியும் அலங்காரமுமாக இருக்கும் அந்த நாய்களைப் பார்த்தவர்கள், இதற்கு அழகைத் தவிர வேறென்ன தெரியும் என்று பரிகாசம் செய்தார்கள். அம்மையார் 1933இல் நியூயார்க் மாகாணத்து மவுண்ட் கிஸ்கோ என்ற ஊரில் ஒரு போட்டி வைத்தார். எந்த ஜாதி நாயும் வரலாம், மயிரின் பளபளப்புக்கு மதிப்பெண் கிடையாது, சொன்னதைச் செய்கிறதா என்பதே கேள்வி. 1936இல் கென்னல் கிளப்பார் அதற்கு முறையான விதிகள் வகுத்தார்கள். மொத்தம் 200 மதிப்பெண், தேற 170 வேண்டும். அதோடு ஒவ்வொரு சோதனையிலும் பாதிக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். ஒன்றில் கெட்டிக்காரனாக இருந்து மற்றொன்றின் குறையை மூடிவிட முடியாது. நம் பள்ளிக்கூடங்களைவிடக் கறாரான ஏற்பாடு.

தடை தாண்டும் பந்தயம் பின்னால் வந்தது. அப்போது லண்டனில் நடந்துவந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், 1978இல், இரண்டு முக்கிய நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஜனங்களுக்குப் பொழுது போவதற்காக, குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து இதை அமைத்தார்கள். வேலி தாண்டுதல், குழாய்க்குள் நுழைதல், வரிசையாக நட்ட கழிகளிடையே வளைந்து வளைந்து ஓடுதல், உயரப் பலகைமேல் நடத்தல். இடைவேளைக்கு வந்த வேடிக்கை, நாட்டுக்கு நாடு பரவிவிட்டது. நம் நாட்டிலும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா இருக்கிறது. போட்டி நடந்த ஜில்லாவோ நாய்க்குப் பெயர் போனது. இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் விருதுநகர் மாவட்டத்து ஊர்கள். அந்த ஊர்களின் பெயரைத்தான் அந்த நாய்கள் சுமந்துகொண்டு உலகம் சுற்றுகின்றன. 2005இல் தபால் இலாகா இராஜபாளையம் நாய்க்குத் தபால் தலையே வெளியிட்டது.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து விதிகளை எழுதினேன். எழுத எழுத ஒன்று புரிந்தது. நாய்க்கு என்று விதி எதுவுமே இல்லை! எல்லாம் மனிதனுக்குத்தான். கட்டளையை ஒரு முறைதான் சொல்லலாம். இரண்டாம் முறை சொன்னால் மதிப்பெண் போயிற்று. வாயால் சொல்லலாம், அல்லது கையால் சைகை காட்டலாம். வட்டத்துக்குள் தின்பண்டம் காட்டக் கூடாது. அடித்தாலோ, கயிற்றை வெடுக்கென்று இழுத்தாலோ வெளியே போக வேண்டியதுதான். தடைப் பந்தயத்தில் நாயையும் தொடக் கூடாது, தடையையும் தொடக் கூடாது. வேலியின் உயரத்தை நாயின் உயரத்தைப் பார்த்து நிர்ணயிக்க வேண்டும். எலும்பு முற்றாத குட்டியை, ஒன்றரை வயது ஆகாமல், ஓடவிடக் கூடாது. உயரப் பலகையின் இரு கோடியிலும் கொஞ்ச தூரத்துக்கு வேறு வர்ணம் அடித்து, அந்த இடத்தில் நாயின் பாதம் பட்டுத்தான் இறங்க வேண்டும் என்றும் ஒரு விதி. முதலில் இது என்ன வீண் சம்பிரதாயம் என்று நினைத்தேன். நண்பர் சொன்னார்: “உச்சியிலிருந்து குதித்தால் நேரம் மிச்சமாகும், கால் போய்விடும். ஜெயிக்க ஆசைப்படுகிறவன் நாயைக் குதிக்கத்தான் சொல்வான். அந்த ஆசைக்குப் போட்ட கடிவாளம் இது.”

எனக்குப் பிடித்துப்போயிற்று. நம் ஊருக்கு ஏற்ப நாங்களும் சில சேர்த்தோம். காலை ஒன்பது மணிக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும், வெயில் ஏறினால் நிறுத்திவிட வேண்டும். வேப்ப மரத்தடியில் தண்ணீர்த் தொட்டி. பருவத்தில் இருக்கும் பெட்டை நாய் கடைசியில் வர வேண்டும். நாயின் ஜாதி கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை எழுதும்போது எனக்கு ஏற்பட்ட திருப்தியை நான் மறைக்கப் போவதில்லை.

புத்தகம் நீளம், நான் சுருக்கினேன். தேவையில்லை என்று பட்டதை அடித்தேன். அப்படி அடித்ததில் ஒன்றைப் பற்றித்தான் பின்னால் சொல்லப் போகிறேன்.

பொங்கல் கழிந்து கரிநாளன்று போட்டி. கண்மாய்க் கரைக்குக் கீழே பொட்டலில் கயிறு கட்டி வட்டம். நண்பரின் சூழ்ச்சி பலித்தது. அறுபத்து மூன்று நாய்க்கு ஊசி போட்டார். அதில் பத்தொன்பதுதான் போட்டிக்கு நின்றன. மற்றவை ஊசியை வாங்கிக்கொண்டு, வேடிக்கை பார்க்கக்கூட நிற்காமல் ஓடிவிட்டன.

பட்டணத்திலிருந்து லீவுக்கு வந்தவர்களின் நாய்களுக்கு இங்கிலீஷ்தான் தெரிந்தது. “சிட்”, “கம்” என்றால் கேட்டன. வீட்டில் சோறு வைக்கும் பாட்டி, “உக்காருடா கண்ணு” என்றால் விழித்தன. உள்ளூர் நாய்களுக்கோ “தோ, தோ” என்றால் வரத் தெரியும், “சூ” என்றால் பாயத் தெரியும். இவற்றுக்கு நடுவே உள்ள நாகரிகங்கள் எல்லாம் அன்றைக்குத்தான் அறிமுகம்.

கூப்பிட்டால் வரும் சோதனையில் ஒரு சம்பவம். மில் தொழிலாளி ஒருவர், இராஜபாளையம் ஜாடையில் தூய வெள்ளை நாய் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. எதிர்க் கோடியில் நின்று கூப்பிட்டார். நாய் கண்மாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். அசையவில்லை. கூட்டம் சிரித்தது. மனிதருக்கு முகம் சிவந்து, கையிலிருந்த கயிற்றை மடித்துக்கொண்டு ஓடினார். நண்பர் குறுக்கே புகுந்து தடுத்தார். பிறகு நாயின் பின்புறமாகப் போய், அதன் தலைக்குப் பின்னால் பலமாகக் கை தட்டினார். அது திரும்பவே இல்லை.

இராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு அதிகம். நிறம் தரும் அணுக்கள் உடம்பில் குறைவாக இருக்கும்போது உட்செவியிலும் இல்லாமற்போய், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் சக்தி அழிந்துவிடுவதுண்டு. நண்பர் இதை விளக்கினார். அந்த மனிதர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, “ஒன்றரை வருஷமா இதச் சொல்பேச்சுக் கேக்கலேன்னு அடிச்சிருக்கேனே, ஐயா” என்றார். கூட்டத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. வாயால் சொல்லலாம், அல்லது கையால் காட்டலாம் என்று புத்தகத்தில் இருந்த விதியை ஏதோ வசதிக்காக வைத்தது என்று நினைத்திருந்தேன். கீழ்ப்படியவில்லை என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும் என்பது அதற்குள் ஒளிந்திருக்கிறது.

அடுத்தது இருக்கச் சொல்லும் சோதனை. நாயை உட்காரச் சொல்லி, ‘இரு’ என்று கட்டளையிட்டுவிட்டு, உடையவர் கண்ணுக்கு மறைவாகப் போய்விட வேண்டும். மூன்று நிமிஷம். நாய் எழுந்திருக்கக் கூடாது. இதற்கு முப்பது மதிப்பெண். நாங்கள் கண்மாய்க் கலுங்குச் சுவருக்குப் பின்னால் மறைவிடம் வைத்திருந்தோம்.

கீதாரி ஒருவர் வந்திருந்தார். எழுபது வயது இருக்கும். தோளில் கம்பளி, கையில் தொரட்டி. கிடை போடுகிறவர், அந்த வாரமே ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ச் சீமைக்குப் புறப்பட இருந்தவர். அவருடைய செவலைப் பெட்டை நாய் அதுவரை எல்லாச் சோதனையிலும் முதலாவது. கயிறு இல்லாமலே காலோடு ஒட்டி நடந்தது. கூப்பிட்ட மாத்திரத்தில் நேரே வந்து முன்னால் நின்றது. பரிசு அதற்குத்தான் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். அவர் முறை வந்தது.

“‘இரு’ன்னு சொல்லிட்டு, அந்தச் சுவருக்குப் பின்னால் போங்க, பெரியவரே” என்றேன்.

“அதச் சொல்ல மாட்டேங்கய்யா” என்றார்.

“ஏன், உட்காராதா?”

“உக்காரும். அதுக்காகத்தான் சொல்ல மாட்டேங்கிறேன்.”

“மூணே நிமிஷந்தான். நான் கடிகாரம் வைத்திருக்கிறேன்.”

“ஒங்களுக்குத் தெரியும். மூணு நிமிசம்னு அதுக்குத் தெரியுமாங்கய்யா?”

எனக்குப் பதில் ஓடவில்லை. விதியை எடுத்துச் சொன்னேன், முப்பது மதிப்பெண்ணையும் சொன்னேன். “இருக்கட்டும், வெளையாட்டுக்கெல்லாம் அந்தச் சொல்லச் சொல்றதில்லீக” என்று கும்பிட்டுவிட்டு வட்டத்தை விட்டு வெளியே போய்விட்டார். நாயும் கூடவே போயிற்று. சீட்டில் பூஜ்யம் போட்டேன். முதல் பரிசான எவர்சில்வர் அண்டா ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்குப் போயிற்று. அவருடைய நாட்டு நாய் மூன்று நிமிஷமும் அசையாமல் இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் மனசு கேட்கவில்லை. சாயங்காலம் நண்பரை அழைத்துக்கொண்டு அவர் கிடையைத் தேடிப் போனேன். அறுத்த புஞ்சையில் ஆடுகளை அடைத்திருந்தார். புகைந்துகொண்டிருந்த நெருப்பருகே எங்களை உட்காரச் சொன்னார். கோபித்துக்கொண்டு போனதாக நாங்கள் நினைத்துவிட்டோமோ என்று அவருக்கும் வருத்தம் இருந்திருக்கிறது.

“இதோட தாயி ஒண்ணு இருந்துச்சுய்யா” என்று ஆரம்பித்தார்.

பல வருஷத்துக்கு முன்னால், இதே போல ஆடுகளோடு வடக்கே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு கண்மாய்க் கரையில் இளைப்பாறினார்களாம். நாலைந்து ஆடு விலகிப் பயிர்ப் பக்கம் போகவே, கம்பளியையும் தூக்குச் சட்டியையும் கரையில் வைத்து, நாயை ‘இரு’ என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறார். ஆட்டைத் திருப்பிய இடத்திலேயே ஆள் வந்து சேதி சொன்னான். ஊரில் மகளுக்குப் பிரசவத்தில் கஷ்டம். அப்படியே ரோட்டுக்கு ஓடி, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். மற்ற கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்; நாய் இவரோடு போயிருக்கும் என்று அவர்கள் நினைப்பு, அவர்களோடு போயிருக்கும் என்று இவர் நினைப்பு. நினைப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. “நெனச்சாத்தானய்யா. அது நெனப்பே எனக்கு இல்ல.”

மகள் பிழைத்தாள். நாலாம் நாள் திரும்பினார். ஆடுகளோடு நாய் இல்லை. அப்போதுதான் வயிற்றில் தீப்பிடித்ததாம். கரைக்கு ஓடினார். கம்பளிக்குப் பக்கத்தில் இருந்தது. வழிப்போக்கர் யாரோ கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள். தண்ணீருக்குக் கண்மாயில் இறங்கி ஏறிய காலடித் தடம் மட்டும் இருந்தது. மீண்டும் மீண்டும் அதே தடம், போனதும் வந்ததும்.

“அது கோவிச்சு ரெண்டு கடி கடிச்சிருந்தாப் பரவால்லீக. என்னயக் கண்டதும் எந்திரிக்கல. எந்திரிக்கச் சொல்லலேல்ல? கெடந்த வாக்குலயே வால ஆட்டுச்சு.”

நெருப்பைக் கிளறினார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. “அன்னைலேர்ந்து அந்தச் சொல்லச் சும்மா சொல்றதில்ல. சொன்னா, நான்தான் திரும்பி வரணும். ‘வா, போவம்’னு நான்தான் சொல்லணும். வர முடியாதுன்னா சொல்லப்பிடாது” என்றார்.

ராத்திரி நண்பர் வீட்டில் அந்த ஆங்கிலப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சோதனையின் முடிவிலும், சோதனை முடிந்தது என்று நடுவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் உடையவர் நாயை விடுவித்துத் தட்டிக்கொடுக்கலாம். சுருக்கும் போது நான் அடித்த வரி அதுதான். முடிந்தது என்பது எல்லாருக்கும் தெரியாதா, அதை எதற்கு ஒரு விதியாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். எல்லாருக்கும் என்றால் எனக்கும் கடிகாரத்துக்கும். நண்பர் இன்னொன்றும் சொன்னார். அவருடைய புத்தகம் பழைய பதிப்பு. வரிசையாக நாய்களை உட்கார்த்திவிட்டு உடையவர்கள் எல்லாரும் கண்மறைவாகப் போகும் சோதனையை 2018இல் அந்தச் சங்கத்தார் தங்கள் விதிகளிலிருந்து எடுத்தேவிட்டார்களாம். அந்நிய நாய்களின் நடுவே, கட்டும் காவலும் இல்லாமல், சொன்ன சொல்லுக்காக ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து நாய் பாய்ந்தால் அதற்கு யார் பொறுப்பு என்ற விவாதம் அங்கே வெகு காலம் நடந்திருக்கிறது. நியூயார்க்கிலும் திருச்சுழியிலும் கேள்வி ஒன்றாகத்தான் இருக்கிறது.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவர்களுக்குக் காசபியாங்கா என்ற பையனைத் தெரிந்திருக்கும். 1798இல் நைல் நதி முகத்துவாரத்துக் கடற்போரில், தீப்பிடித்த கப்பலில், தகப்பன் நிற்கச் சொன்ன இடத்திலேயே நின்று மாண்டான் என்பது கதை. தகப்பன் கீழ்த்தளத்தில் இறந்து கிடக்கிறான்; பையனுக்கு அது தெரியாது. வாத்தியார் எங்களுக்கு அதைக் கீழ்ப்படிதலின் சிகரம் என்று நடத்தினார். நாங்களும் கண்ணீர் விட்டு மனப்பாடம் செய்தோம். ஒரு பையனாவது எழுந்து, “சார், போகலாம் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லையா?” என்று கேட்கவில்லை. அன்று கேட்காத கேள்வியை அன்றைக்கு ராத்திரி கயிற்றுக் கட்டிலில் புரண்டுகொண்டே கேட்டுப் பார்த்தேன். கேள்வி கப்பல் தலைவனோடு நிற்கவில்லை. என்னிடம் வந்தது.

என் நாவல்களைப் பிரதி எடுத்துத் தர ஒரு வாலிபன் வருவான். முத்து முத்தான எழுத்து. ஏழைக் குடும்பம், தாயாரும் இரண்டு தங்கைகளும். ஒரு நாள் ஏதோ உற்சாகத்தில், “நீ அங்கே இங்கே அலையாதே. எனக்குத் தெரிந்த பிரசுராலயத்தில் சொல்லி உனக்கு ஒரு நல்ல இடம் பார்த்துத் தருகிறேன். கொஞ்சம் பொறுத்திரு” என்றேன். சொன்னபோது மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். பிறகு ஒரு தொடர்கதை, ஒரு பிரயாணம், வீட்டில் ஒரு கல்யாணம். மறந்தே போனேன். வெகு நாள் கழித்து அவனை ஒரு ஸ்டேஷனில் சந்தித்தேன். இடையில் ஒரு நூற்பாலையில் கணக்கர் வேலை வந்ததாம். நான் ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லியிருக்கும்போது வேறு இடம் போவது மரியாதை இல்லை என்று மறுத்துவிட்டானாம். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, என் புதிய புத்தகத்தைப் பாராட்டிவிட்டு, ரயில் ஏறினான். படுத்த வாக்கிலேயே வாலை ஆட்டிய நாயைப் பற்றி அந்தப் பெரியவர் சொன்னபோது, எனக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

முடியவில்லை என்று ஒரு கார்டு எழுதிப் போட்டிருந்தால் போதும். ‘உனக்காக நான் ஒன்றும் செய்ய முடியவில்லை, நீ உன் வழியைப் பார்’ என்ற ஒரு வரி. அது கசப்பான வரிதான். ஆனால் அது விடுவிக்கும் வரி. நான் நல்லவனாகவே இருக்க விரும்பியதால் அதை எழுதவில்லை. நம்மில் பலர் மற்றவரைக் கட்டிப்போடுவது கொடுமையினால் அல்ல. இல்லை என்று சொல்லும் அசௌகரியத்துக்குப் பயந்துதான்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குத் திருச்சுழி வந்தோம். பஸ் வர நேரம் இருந்தது. பூமிநாதர் கோயில் பக்கமாக நடந்தோம். ரமண மகரிஷி 1879இல் பிறந்த வீடு அங்கேதான் இருக்கிறது. வாசலில் ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. ‘ஊர்ப் பழக்கம்’ என்று நண்பர் சிரித்தார். திருவண்ணாமலையில் மகரிஷியைச் சுற்றி எப்போதும் நாய்கள் உண்டு. அவற்றை அவர் ‘பையன்கள்’ என்றுதான் சொல்வார். பையன்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று விசாரிப்பார். ஆசிரமத்தில் முதலில் நாய்களுக்கு, பிறகு பிச்சைக்காரர்களுக்கு, அதன் பிறகே பக்தர்களுக்குச் சாப்பாடு என்பது வழக்கம். மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் இருந்த காலத்தில் கமலா என்று ஒரு நாய். புதிதாக யாராவது வந்தால், இவரை அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டு என்று அதனிடம் சொல்வாராம். அது முன்னால் நடந்து, மலையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு தீர்த்தத்தையும் சந்நிதியையும் காட்டி, அழைத்துவந்து சேர்க்குமாம். கயிறில்லை, மதிப்பெண் இல்லை. அந்தக் கீழ்ப்படிதலை வியக்காதவர் இல்லை. முதல் பந்தியை நாய்க்குப் போட்ட கையையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கதை முழுசாகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மனிதனை நாயோடு ஒப்பிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். கூடாதுதான். மனிதன் ஏன் என்று கேட்கக் கடமைப்பட்டவன். கேட்காமல் கீழ்ப்படிந்தவர்கள் உலகத்தில் செய்த கொடுமைகள் கொஞ்சமல்ல. நாய்க்கே அந்த உரிமை உண்டு. கண் தெரியாதவருக்கு வழிகாட்டும் நாயை, வண்டி வரும்போது அவர் ‘நட’ என்றாலும் நடக்காமல் நிற்கும்படிதான் பழக்குகிறார்கள். எப்போது கீழ்ப்படிய வேண்டும், எப்போது மறுக்க வேண்டும் என்று தர்ம சாஸ்திரம் முதல் இன்றைய சட்டப் புத்தகம் வரை எவ்வளவோ எழுதியாகிவிட்டது. நான் கேட்பது இன்னொரு கேள்வி. நம் சொல்லை ஒருவர் நம்பி உட்கார்ந்துவிட்ட பிறகு, நம்முடைய கடமை என்ன? வேலைக்காரப் பெண்ணை, “இரு, சம்பளத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்” என்கிறோம். மகனை, “இரு, உன் ஆசையை அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்கிறோம். மனைவியைச் சொல்லவே வேண்டாம். அவள் இருபது வருஷமாக இருந்துகொண்டிருப்பாள். கடிகாரம் நம் கையில் இருக்கிறது. அவர்களிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான்.

சொன்னதை நிறைவேற்ற முடியாமற்போவது பாவம் என்று நான் சொல்லவில்லை. மகளின் பிரசவம் என்றால் யாரும் பஸ் ஏறத்தான் செய்வார்கள். திரும்பிப் போக வேண்டும். போய், எழுந்திரு என்று சொல்ல வேண்டும். அந்தப் பெரியவரை நான் மதிப்பது அவர் மறக்காதவர் என்பதால் அல்ல. மறந்தவர், மறந்ததை மறக்காதவர்.

ஊருக்கு வந்ததும் அந்த வாலிபனின் பழைய விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வர வேண்டிய நியாயமும் இல்லை.

மறு வருஷப் போட்டிக்கு விதிகளைத் திருத்தினோம். இருக்கச் சொன்னவரே திரும்பி வந்து, நாயைத் தொட்டு, வாய்விட்டுச் சொல்லி எழுப்ப வேண்டும். அதற்கு முப்பதில் பதினைந்து மதிப்பெண். எழுப்பாமல் பரிசு மேஜைக்கு ஓடுகிறவருக்கு நாய் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் கிடையாது. அந்த விதியை நானே உரக்க வாசித்தேன். வாசிக்கும்போது கூட்டத்தில் கீதாரியைத் தேடினேன். அந்த வருஷம் மழை முந்திக்கொண்டதால், அவர் ஆடுகளோடு முன்னமே தஞ்சாவூர்ச் சீமைக்குப் போய்விட்டிருந்தார். செவலை நாயும் கூடப் போயிருக்கும்.